கடல் ராஜா சொன்ன ஓம்

எலாடியோ மொன்ஃபோர்தே என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கேபிள் டிவி வந்த புதிதில், பௌர்ணமியன்று ஓநாயாக மாறி, "எவன்டா அவன், இங்கிட்டு வாடா" என்று மதுரைத் தமிழில் உறுமும் ஒரு பாதிரியாரை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் பாதிரியார்தான் மொன்ஃபோர்தே. ஸ்பெயின் நாட்டு நடிகர். அந்த மதுரைத் தமிழ் மட்டும் என்னுடையது. கோடம்பாக்கத்தில் டப்பிங் வசனம் எழுதிப் பிழைப்பவன் நான். வெளிநாட்டுக்காரர்களின் உதட்டசைவுக்கு ஏற்றபடி தமிழை வெட்டி ஒட்டுவது தொழில்.

பாரிஸில் மாணவர்கள் அதிகம் புழங்கும் பகுதியில் ஒரு சின்னத் தியேட்டர் அவருடைய படங்களை ஒரு வாரம் போடுகிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறாயா என்று ஒரு பத்திரிகை நண்பர் கேட்டார். பாரிஸுக்குப் பக்கத்தில் ஓல்னே-சூ-புவாவில் என் பாண்டிச்சேரிப் பள்ளித் தோழன் அமலோர் இருக்கிறான். அங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்க இடமும் தின்னச் சோறும் உறுதியான பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

முதல் நாளே ரயில் என்னிடம் விளையாடியது. அமலோர் என்னை விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போய், குளிக்கவைத்து, ஊரைப் பார்த்துவிட்டு வா என்று தனியாக அனுப்பினான். திரும்பும்போது கார் து நோர் நிலையத்தில் அவன் சொன்ன அதே தடத்தில்தான் ஏறினேன். ஆனால் அது ஓல்னேயில் நிற்காத வண்டி. என் கண்ணெதிரே ஓல்னே பின்னால் ஓடிப்போயிற்று. கடைசியில் நான் இறங்கிய இடம் காலையில் வந்திறங்கிய அதே விமான நிலையம்.

போன் போட்டேன். "அது திரெக்த்துடா, நடுவுல எங்கயும் நிக்காது. போர்ட பாக்காமலா ஏறுன?" என்றான் அமலோர். "பிரான்ஸ் உன்ன வேணாம்னு சொல்லுது போல. சரி, அங்கயே நில்லு, வரேன்."

அன்று ராத்திரி அவன் வீட்டில் வஞ்சிரக் குழம்பு. சோறும் உண்டு, நீள ரொட்டியும் உண்டு. அவன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டான். நானும் செய்து பார்த்தேன். சென்னையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை நான் குழம்புக்குச் சோறு கேட்கவில்லை.

மறுநாள் தியேட்டருக்குப் போனேன். நம் ஊர் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுக்குக்கூட இல்லாத அரங்கு. நான் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. என்னைத் தவிர மப்ளர் சுற்றிய சில கிழவர்களும், ஒரு வார்த்தை பேசாமல் கைகோத்து உட்கார்ந்திருந்த ஒரு ஜோடியும். டிக்கெட் கிழித்த பெண்ணே உள்ளே வந்து விளக்கை அணைத்தாள்.

மொன்ஃபோர்தே நடிக்காத வேடம் எது என்றுதான் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் பாலைவனத்துக் கொள்ளைக்காரன், அதுவும் கதாநாயகன் எவ்வளவு குறி பார்த்துச் சுடுவான் என்று காட்டுவதற்காக முதல் ரீலிலேயே செத்துப்போகிறவன். பிறகு வீடு நிறையப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு அவர்கள் பெயரைக் குழப்பிக்கொள்ளும் சிரிப்பு அப்பா. அப்புறம் ஓநாய், இரண்டு தடவை காட்டேரி, ஒரு தடவை போப்பாண்டவர். நடு வயதில் லஞ்சம் வாங்கும் போலீஸ். நடிக்க வாய்ப்பே இல்லாமல் சில வருடம் சந்தையில் மேடை போட்டுச் சோப்பு விற்றாராம். கடைசியாக, ஞாபகம் அழிந்துபோன ஒரு கிழவர், செத்த மனைவியின் உடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே இருப்பார். அந்தப் படத்துக்குத்தான் அவருக்கு விருதுகள் கிடைத்தன. நான் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மூக்கைச் சிந்தினேன். குளிர் என்று அமலோரிடம் சொல்லிவிட்டேன்.

தொழில் காரணமாக எனக்கு இன்னொன்றும் தெரியும். பெரும்பாலான படங்களில் அவர் வாயிலிருந்து வருவது அவர் குரலே இல்லை. அந்தக் காலத்து ஸ்பெயினிலும் படம் எடுத்து முடித்த பிறகுதான் குரல் சேர்ப்பார்கள். அவருடைய சொந்தக் குரல் மெல்லியது, கரகரப்பானது. கடைசிப் படங்களில்தான் அதைக் கேட்க முடியும். முகம் ஒருத்தருடையது, குரல் இன்னொருத்தருடையது, குரல் கொடுத்தவர் பேர் ஊரை யாரும் கேட்பதில்லை. கோடம்பாக்கத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அமலோரும் கூட வந்தான். அன்றைக்குக் கடல் ராஜா படம். ஸ்பெயினும் பிரான்சும் சேர்ந்து முப்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தது. மொன்ஃபோர்தே உடம்பெல்லாம் சிப்பி ஒட்டிக்கொண்டு, கடலுக்கடியில் சிம்மாசனத்தில் இருக்கிறார். படத்தின் நடுவில் எழுந்து நின்று, தன் எல்லைக்குள் வந்த மாலுமிகளைக் கடல் ஜனங்களின் ஆதி மொழியில் சபிக்கிறார். ஆர்கன் வாத்தியம் அலறுகிறது. குரலுக்கு எதிரொலி வேறு. அதற்குள்ளிருந்து தெளிவாக ஒரே ஒரு சொல் மட்டும் எழுந்து எழுந்து வந்தது.

"ஓம்... ஓம்..."

திரையின் அடியில் பிரெஞ்சு எழுத்து ஓடியது. அமலோர் என் காதில் படித்தான். "உங்க பாய்மரம் எல்லாம் எரிஞ்சு போகும்ங்கிறாரு... உங்க கரை உங்கள மறந்துடும்ங்கிறாரு... ஆமா, நம்ம ஓம்தானே சொல்றாரு?"

நானும் அதைத்தான் நினைத்தேன். வெள்ளைக்காரர்களுக்கு ஆதி மொழி தேவைப்பட்டால் நேராக நம் கோயில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் உதட்டைப் பார்த்தேன். 'ஓம்' சொன்னால் உதடு ஒட்ட வேண்டும். மொன்ஃபோர்தேயின் உதடு ஒட்டவேயில்லை. அவர் பாட்டுக்கு ஒன்று இரண்டு மூன்று என்று ஸ்பானிய மொழியில் எண்ணிக்கொண்டிருக்கிறார். பிறகு குரல் சேர்ப்பார்கள் என்று தெரிந்தால் நடிகர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆகவே மந்திரம் சொன்னது வேறு யாரோ, குரல் இளைஞனுடையது என்று முடிவுகட்டினேன். 'கடல் ராஜாவின் பிரணவம்' என்று கட்டுரைக்குத் தலைப்பும் மனசில் வைத்தாயிற்று.

அமலோர் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்திருந்தான், அவன் பாஷையில் ரான்தேவு. நான் பசியோடு, இலங்கைத் தமிழர்களின் கடைத்தெருவான லா ஷப்பேலில் இறங்கினேன். தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ போகிறது, கீழே நகைக்கடை, புடவைக்கடை, முருங்கைக்காய். இரண்டு நாளாகப் பிரெஞ்சுக்கு நடுவே ஊமையாக அலைந்தவன் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் வாயைத் திறந்தேன். முதலாளி தவம் என்பவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "மிதிவெடி ஒண்டு தரட்டோ அண்ணை?" என்றார்.

நான் ஓரடி பின்வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டில் வைத்தது உள்ளே அவித்த முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த ஒரு தடித்த சுருள். ஒன்றில் வயிறு நிறைந்துவிடும். நான் இரண்டு சாப்பிட்டேன்.

இரண்டாவதின் நடுவில்தான் அது நடந்தது. பக்கத்து மேசையில் ஓர் இளைஞன் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு காதில் போன், ஒரு கையில் டீ, அவர்கள் பாஷையில் தேத்தண்ணி. "ஓம்... ஓம்... சாப்பிட்டனான்... ஓம்... பிறகு எடுக்கிறன்."

மென்றது வாயிலேயே நின்றது. நான் பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எனக்கு. இந்தத் தெருவில் அதை நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்கிறார்கள். இங்கே ஓம் என்றால் ஆமாம்.

மறுநாள் மாலை கடல் ராஜாவை மறுபடி போட்டார்கள். தனியாகப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து, ஆர்கனைத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன். என்ன தேடுகிறோம் என்று தெரிந்த பிறகு காது எப்படித் திறக்கிறது பாருங்கள்.

"ஓம்... ஓம்... சாப்பிட்டனான்..." கொஞ்சம் இடைவெளி, அலைச் சத்தம். "ஓம்... குளிர் இல்லை..." மறுபடி இடைவெளி. "ஓம்... வருவன்... ஓம்."

பாய்மரம் எரியும் என்று அமலோர் படித்த இடத்தில் குரல் குளிர் இல்லை என்கிறது. கரை உங்களை மறந்துவிடும் என்ற இடத்தில் வருவன் என்கிறது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பின்னால் இருந்த கிழவர் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரே தவத்தின் கடைக்குப் போய்ச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். "உது எங்கடை யோகன்ரை கதையெல்லோ. சினிமாக்காரன் எண்டுதான் இஞ்சை எல்லாரும் கூப்பிடுறது. முப்பது வருசமாச் சொல்லுறான், ஒருத்தரும் நம்பேல்லை. நில்லுங்கோ, கூப்பிடுறன்."

யோகனுக்கு ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை. வேலைச் சட்டையோடே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். படத்தில் கேட்ட அதே குரல், கொஞ்சம் தேய்ந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"மெய்யாவோ அண்ணை? கேட்டனியளோ?"

அவர் சொன்ன கதை இது. வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அடுத்த கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கூடம். ஒருநாள் அங்கிருந்து ஒருவன் ஓடிவந்து, யாருக்கும் தெரியாத மொழி பேசுகிற ஆள் வேண்டும் என்று கேட்க, முதலாளி இவரைக் காட்டினார். திரையில் சிப்பி ஒட்டிய ஒரு ராஜா நின்றுகொண்டிருந்தார். "ராசா எண்டதும் எனக்கு எங்கடை கூத்திலை ராசா மேடைக்கு வரேக்கை பாடுற வரவுப் பாட்டுத்தான் ஞாபகம் வந்தது. அப்பிடியே பாடினனான்."

"பாட்டா?" என்றேன். "நிச்சயமா பாட்டுதானா, சார்?"

"நான் பாடினது எனக்குத் தெரியாதோ அண்ணை? வரவுப் பாட்டுத்தான்."

படத்தில் பாட்டே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தவம் குறுக்கே புகுந்து யோகனின் மகள் கதையைச் சொல்லிவிட்டார். அபிராமிக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்பா கடல் ராஜாவுக்குக் குரல் கொடுத்தவர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி, சினேகிதிகளை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறாள். வாடகைக்கு எடுத்த கேசட்டைப் போட்டார்கள். கேசட்டில் அந்தக் காட்சியையே வெட்டியிருந்தார்கள். கடைசியில் ஓடிய பெயர்களில் யோகனின் பெயரும் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அண்டையிலையிருந்து நான் என்ன சொன்னாலும் 'உங்கடை ராசா கதை'தான்," என்றார் யோகன். "ஊரைப் பற்றிச் சொன்னாலும் அதுதான், சண்டையைப் பற்றிச் சொன்னாலும் அதுதான். அவள் ஒருக்கா அதைக் கேட்டால் போதும் எனக்கு."

கடைசிக் காட்சி சனிக்கிழமை மதியம். அதற்கு மகளைக் கூட்டி வருவது என்று முடிவாயிற்று. எனக்குத்தான் பயம். குரல் அவருடையது என்று அவள் நம்புவாள், அதே நிமிஷத்தில் பாட்டு பொய் என்றும் கண்டுகொள்வாள். வெள்ளிக்கிழமை முழுக்க இதையே அமலோரிடம் புலம்பினேன். "நீ எழுத வந்தியா, குடும்பம் நடத்த வந்தியா?" என்று கேட்டுவிட்டு அவன் சீஸ் வெட்டப் போய்விட்டான்.

சனிக்கிழமை யோகனின் வீட்டில் சாப்பாடு. வில்லியே லே பெல்லில் அடுக்குமாடிக் குடியிருப்பு, லிஃப்டில் ஏறியபோதே தேங்காய்ப்பால் சொதி வாசனை. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இடியப்பம் அவரே அவித்திருந்தார். அபிராமிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள், அப்பாவிடம் பிரெஞ்சில். தமிழ் அவளுக்கு விளங்கும், ஆனால் வாயைத் திறந்து பேச மாட்டாள் என்று தவம் சொல்லியிருந்தார்.

"நீங்களும் ராஜாவை நம்புகிறீர்களா?" என்று என்னிடம் கேட்டாள். கேலிதான், ஆனால் கண்ணில் கேலி இல்லை. யோகன் குனிந்து அவள் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தார்.

பஸ் நேரத்துக்கு வந்தது. ரயிலும் வந்தது. இரண்டு நிலையம் தாண்டியிருப்போம், வண்டி நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். யாரோ பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம், சோதித்த பிறகுதான் நகரும். தாம்பரம் வண்டியில் இந்நேரம் பாதிப் பேர் தண்டவாளத்தில் குதித்து நடக்க ஆரம்பித்திருப்பார்கள், மீதிப் பேர் அரசியல் பேசியிருப்பார்கள். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. என் எதிரே இருந்த அம்மாள் கைப்பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்தாள்.

பெட்டிக்குள் சூடு. யோகன் கழுத்துத் துண்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். படம் தொடங்கும் நேரம் வந்தது, தாண்டியது. அபிராமி ஏதோ சொன்னாள். "வீட்டை திரும்பிப் போவம், எனக்குக் கோவமில்லை எண்டுறாள்," என்று யோகன் எனக்குச் சொன்னார். அதை அவர் சொன்ன விதத்தைப் பார்த்தபோது, அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வண்டி அப்போதுதான் நகர்ந்தது. கார் து நோரில் இறங்கி, மெத்ரோ மாறி, மூன்று பேரும் ஓடினோம். எனக்கும் யோகனுக்கும் ஆகிற வயதில் அப்படி ஓடக் கூடாது. டிக்கெட் கிழிக்கும் பெண்ணுக்கு என் முகம் பழகிப்போயிருந்தது, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தாள். இருட்டில் யார் காலையோ மிதித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ராஜா இன்னும் சிம்மாசனத்தில்தான் இருந்தார். நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் எழுந்து நின்றார்.

"ஓம்... ஓம்... சாப்பிட்டனான்..."

நான் திரையைப் பார்க்கவில்லை. யோகன் முன்னால் சாய்ந்து முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காகக் காத்திருந்த முகம் மெல்ல மாறியது. "ஓம்... குளிர் இல்லை..." அபிராமி அடியில் ஓடிய எழுத்தைப் படிக்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம்... வருவன்... ஓம்." பிறகு புயல் வந்தது, கப்பல் உடைந்தது, படம் தன் பாட்டுக்குப் போயிற்று. நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது காற்று வெட்டியது. யோகன் தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அபிராமி பிரெஞ்சில் சொன்னாள், பிறகு எனக்காக ஆங்கிலத்திலும். "முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அவர் குரல்தான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனால் பாட்டு இல்லையே," என்றாள்.

நான் பயந்துகொண்டிருந்த இடம் வந்துவிட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க ஒரு வசனம் தேடினேன்.

"பாடினனான் பிள்ளை," என்றார் யோகன். அவளிடம்கூட அன்று தமிழில்தான் பேசினார். "முதல் பாடினனான். பாட்டு வேண்டாம், கதைக்கிற மாதிரி வேணும் எண்டாங்கள். எனக்கு ஒண்டும் வாயிலை வரேல்லை. அப்ப அங்கை ஒரு பெட்டை, மிசினுக்குப் பக்கத்திலை இருந்தவள், அம்மாவோடை போனிலை கதைக்கிற மாதிரிக் கதை எண்டு சொன்னவள். இதை நான் மறந்தே போனன்."

"அம்மாவோட அடிக்கடி பேசுவீங்களா அப்போ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்கை அண்ணை? ஊரிலை சண்டை. லைன் ஒண்டும் இல்லை. வீட்டை விட்டு வந்தாப் பிறகு அம்மாவோடை நான் ஒருக்காவும் கதைக்கேல்லை. அடுத்த வருசம் அவ செத்துப்போனா." அவர் தியேட்டரின் மூடிய கதவைப் பார்த்தார். "இண்டைக்குத்தான் கேட்டனான். நான் அவவோடை கதைச்சிருக்கிறன், என்ன?"

அந்த இடைவெளிகளை நான் இரண்டு நாளாக அலைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அபிராமி ஏதோ கேட்டாள். யோகன் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை, ஆனால் பதிலிலிருந்து புரிந்துகொண்டேன். "முதல், சாப்பிட்டனியோ எண்டு கேட்டவ. பிறகு, அங்கை குளிரோ மோனை எண்டு. பிறகு, எப்ப வருவாய் எண்டு. நான்தான் நினைச்சுக்கொண்டனான், அவ கேட்டமாதிரி."

காற்று மறுபடி அடித்தது. யோகன் கழுத்தைத் தடவினார். துண்டு இல்லை. ஓடி இறங்கிய அவசரத்தில் ரயிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், இந்நேரம் அதற்காக இன்னொரு வண்டி நின்றிருக்கும். அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தபோது அபிராமி அப்பாவின் அருகே போனாள். ஒரு சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்ப்பது போல அவள் உதடு அசைந்தது.

"அப்பா," என்றாள். "குளிருதோ?"

யோகன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஓம்," என்றார். "குளிருது பிள்ளை."